யார் அனுசரித்துப் போவது?

"பெரியம்மா, ஒரு சந்தேகம். என் கேரக்டரை நான்தான் மாத்திக்கணுமா?"

பெங்களூரில் வேலை பார்க்கும் தங்கை மகள் ஒரு ஞாயிறு இரவு இப்படிக் கேட்டபோது அலுவலகத்தில் ஏதோ சிக்கல் என்றுதான் நினைத்தேன். கேரக்டர் என்று அவள் சொன்னது தன் குணத்தை அல்ல. ஒரு விளையாட்டில் அவள் ஏற்றிருந்த பாத்திரத்தை. வாரம் தவறாமல் ஐந்து நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாடுகிறார்கள். இதில் ஜெயிப்பவர், தோற்பவர் என்று யாரும் இல்லை. ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்கிறார்கள். சொன்னது நடந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கிறது.

அவளுடைய பாத்திரம் காயம் ஆற்றும் ஒரு பூசாரி. சரணடைந்தவர்மேல் கை வைப்பதில்லை என்ற விரதம் பூண்டவள். அந்த ஞாயிறு கூட்டத்திடம் எதிரியின் உளவுக்காரி ஒருத்தி சிக்கியிருக்கிறாள். நண்பன் ஒருவனின் பாத்திரம் அவளைச் சித்திரவதை செய்யத் தொடங்க, இவள் தடுத்திருக்கிறாள். "நான் என்ன பண்றது, என் கேரக்டர் அப்படித்தான்" என்றானாம். "அப்படின்னா என் கேரக்டர் உங்ககூட இருக்க மாட்டா" என்று இவள் சொல்ல, மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சமாதானம் செய்திருக்கிறார்கள்: "குரூப்ல இருக்கணும்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்ல?"

அந்தச் சொல்தான் என்னை நிறுத்தியது. கல்யாண மண்டப வாசலில், மாமியார் வீட்டுக் கூடத்தில், துறைத்தலைவர் அறையில் நம் பெண்கள் கேட்டுப் பழகிய சொல் அது. டிராகன்கள் பறக்கும் ஒரு கற்பனை உலகத்துக்குள்ளும் அது எப்படி வந்து சேர்ந்தது? தமிழ் இலக்கியம் நடத்தும் எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள அதன் வரலாற்றைப் படித்தேன். படித்தபோது அவளுடைய கேள்வி ஐம்பது வருடங்களாக அந்த மேசையில் கிடப்பது தெரிந்தது.

ஒன்பது கட்டங்கள்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். இருவரும் போர் விளையாட்டு ஆடியவர்கள். சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை மேசைமீது நிறுத்திப் பழைய யுத்தங்களை மறுபடி நடத்திப் பார்ப்பது அந்தப் பொழுதுபோக்கு. கிட்டத்தட்ட முழுக்க ஆண்களின் உலகம் அது.

போர் என்றால் பக்கம் வேண்டும். 1974இன் விதிநூல் பாத்திரங்களுக்கு மூன்று பக்கங்களைத் தந்தது: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் மிகைபுனைவுகளில் ஒழுங்கும் குழப்பமும் பிரபஞ்ச சக்திகளாக மோதிக்கொள்ளும். அங்கிருந்து வந்த கருத்து இது. அப்போது அது நீ யார் அணி என்ற கேள்வி மட்டுமே. 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, ஒழுங்கு–குழப்பம் என்ற கோட்டுக்குக் குறுக்காக நன்மை–தீமை என்ற இன்னொரு கோட்டை வரைந்தார். 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் அது ஒன்பது கட்டங்களாக நிலைபெற்றது. ஒழுங்கான நன்மை, ஒழுங்கான தீமை, குழப்பமான நன்மை என்று போகும் அந்த ஒன்பதில் ஒன்றை ஒவ்வொருவரும் தம் பாத்திரத் தாளில் எழுதியாக வேண்டும். இதற்கு அலைன்மென்ட் என்று பெயர். நான் அறச்சார்பு என்று சொல்லிக்கொள்கிறேன்.

அணி அறமாக மாறியதும் சிக்கல் தொடங்கியது. ஒரே மேசையில் நல்லவரும் கெட்டவரும் சேர்ந்து பயணிப்பது எப்படி? 1975இல் ஒரு துணைநூலில் பாலடின் என்ற புனித வீரன் அறிமுகமானான். அவன் ஒழுங்கின் பக்கம் நிற்க வேண்டும். ஒரேயொரு முறை பிறழ்ந்தாலும் பாலடின் தகுதி போய்விடும், திரும்பக் கிடைக்காது. 1978இல் கட்டுப்பாடு இன்னும் இறுகியது. பாலடின் நல்லவர்களோடு மட்டுமே சேரலாம். தீயவர் இல்லாத நடுநிலைக் கூட்டத்தோடு போக வேண்டுமென்றால் ஒரேயொரு பயணத்துக்கு மட்டும், அதுவும் நன்மைக்கு உதவும் காரியமாக இருந்தால் போகலாம். அதே நூலில் கொலையாளி என்ற பாத்திர வகை தீமையின் பக்கம்தான் இருக்க முடியும். 1979இல் வந்த நடத்துநர் கையேட்டின்படி அறச்சார்பு மாறினால் பாத்திரம் ஒரு படி கீழே இறங்க வேண்டும்.

மனம் மாறினால் தண்டனை என்ற அந்த விதியில் நான் கொஞ்ச நேரம் நின்றேன். கொலையாளியை ஆடுபவர் தன் இயல்பில் உறுதியாக நிற்கலாம். பாலடினை ஆடுபவர் ஒன்று காவல்காரராகி மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுக்க வேண்டும், அல்லது எழுந்து வெளியே போக வேண்டும். ஆக, "என் கேரக்டர் அப்படித்தான்" என்பது என் பெறாமகளின் நண்பன் கண்டுபிடித்த சாக்கு அல்ல. விதிநூலே பழக்கிவிட்ட வாக்கியம். அறத்தைத் தாளில் ஒரு முறை எழுதிவிட்டால், பிறகு நடப்பதற்கெல்லாம் தாளே பொறுப்பு.

தாளில் இருந்த உடல்

அதே தாளில் இன்னொரு கணக்கும் இருந்தது. 1978 கையேட்டின்படி உச்ச வலிமை பெற்ற ஆண் வீரன் 18க்கு மேல் நூறு விழுக்காடு வரை போகலாம். மனிதப் பெண்ணுக்கு அது ஐம்பதில் நின்றுவிடும். மந்திரவாதிகள் தீக்கோளம் எறியும் உலகத்தில், நம்பக்கூடியது எது என்ற கேள்வி பெண்ணின் கைவலிமையில் மட்டும் எழுந்தது. இதற்கு முன்பே, 1976இல், விளையாட்டின் சொந்த இதழில் லெனார்ட் லகோஃப்கா பெண் பாத்திரங்களுக்கென்று தனி விதிகள் எழுதியிருந்தார். அவற்றில் ஆளுமைக் கவர்ச்சியைக் குறிக்கும் மதிப்பெண் பெண்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாக அழகு. 1979 நடத்துநர் கையேட்டில், நகரத்தில் எதிர்ப்படும் பாலியல் தொழிலாளி எந்த வகையினள் என்று பகடை உருட்டிப் பார்க்க ஓர் அட்டவணையே உண்டு.

ஒன்பது வகை அறத்தைப் பிரித்துப் பெயர் வைத்த அதே கைகள்தான் இதையும் எழுதின. தீமை எது என்று பக்கம் பக்கமாக வாதிட்டவர்களுக்கு இந்த அட்டவணை அறம் சார்ந்த விஷயமாகவே படவில்லை. எது அறப் பிரச்சினை, எது வெறும் பின்னணி என்று பிரிப்பவர் கையில்தான் அதிகாரம் இருக்கிறது.

மேசைக்கு வந்த பெண்கள்

பெண்கள் அங்கே இல்லாமல் இல்லை. லாஸ் ஏஞ்சலிஸில் லீ கோல்ட் 1975 ஜூனில் 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற இதழைத் தொடங்கினார். பங்களிப்பவர்கள் தங்கள் பக்கங்களைத் தாங்களே எழுதி அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்து எல்லோருக்கும் அஞ்சலில் அனுப்புவார். அடுத்த இதழில் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் பதில் எழுதுவார். எப்படி விளையாடுவது என்ற உரையாடலுக்கு ஒரு பெண் பல பத்தாண்டுகள் திண்ணை போட்டு வைத்திருந்தார். விளையாட்டின் வரலாறு என்றால் கண்டுபிடித்த இரண்டு ஆண்களின் பெயர்கள் உடனே வருகின்றன. திண்ணை போட்டவரின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

ஜீன் வெல்ஸ் 1979இல் அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த முதல் பெண். 1980 ஜூலையில் கிம் மோகனுடன் சேர்ந்து, பெண்கள் சமத்துவம் கேட்கிறார்கள், ஏன் தரக்கூடாது என்ற பொருளில் தலைப்பிட்டு இதழில் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய சாகசநூல் 'பேலஸ் ஆஃப் த சில்வர் பிரின்சஸ்' அச்சாகி வந்தது. வந்த வேகத்தில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்று அழித்தது. சொல்லப்படும் காரணங்களில் ஒன்று அதிலிருந்த ஒரு படம்: கூந்தலால் கட்டப்பட்ட பெண், சுற்றிலும் அவளைச் சீண்டும் ஆண்கள். கதைப்படி அது உண்மைக் காட்சியே அல்ல. காப்பாற்ற ஓடிவருபவர்களைப் பிடித்துத் தின்ன ஓர் அரக்க உயிரி உண்டாக்கும் மாயத் தோற்றம். வதைபடும் பெண்ணின் காட்சி சாகசக்காரர்களுக்குத் தூண்டில் என்று ஜீன் வெல்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. அவர் அதை விமரிசனமாக எழுதினாரா, வழக்கமான ஒன்றாக எழுதினாரா என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இரண்டு வருடம் முன்னால் பாலியல் தொழிலாளிகளின் அட்டவணையை அச்சிட்டு விற்ற நிறுவனம், ஒரு பெண் எழுதிய நூலை அழித்தது. பிறகு டாம் மோல்ட்வே என்ற ஆண் அதைத் திருத்தி எழுத, புது அட்டையோடு வந்தது.

வெளியே எழுந்த கூச்சல்

எண்பதுகளில் அமெரிக்கச் சமூகம் இந்த விளையாட்டின் அறத்தைப் பற்றி உரக்கப் பேசியது. ஆனால் கேள்வியே வேறு. 1982இல் மகனைத் தற்கொலைக்குப் பறிகொடுத்த பட்ரீஷியா புல்லிங் என்ற தாய், இந்த விளையாட்டே காரணம் என்று நம்பி, அடுத்த ஆண்டு எதிர்ப்பு அமைப்பொன்றைத் தொடங்கினார். சாத்தானிய வழிபாட்டுப் பீதி நாடு முழுவதும் பரவிய காலம் அது. அந்தத் தாயின் துயரத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அவர் சுட்டிய காரணத்தை ஏற்கவும் முடியவில்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் கொலையாளி என்ற பாத்திர வகை நீங்கியது. பெண் வலிமையின் வரம்பும் நீங்கியது.

புத்தகத்தில் பேய் இருக்கலாமா என்று தேவாலயங்களும் தொலைக்காட்சிகளும் கேட்டன. மேசையைச் சுற்றி உட்கார்ந்த ஐந்து பேருக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நம் ஊரிலும் இது புதிதல்ல. சினிமாவில் ஆபாசம் இருக்கிறதா என்று தணிக்கை பார்ப்பவர்கள், படப்பிடிப்புத் தளத்தில் நடிகைக்கு என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை.

தம்பியைச் சுமந்தவன், நம்பி இருண்டவள்

ஒவ்வாத அறங்கள் கொண்டவர்கள் சேர்ந்து பயணிப்பதற்கு ஒரு விடை கதைகளின் வழியே வந்தது. மார்கரெட் வைஸ், டிரேசி ஹிக்மன் இருவரும் எழுதிய 'டிராகன்லான்ஸ்' நாவல்கள் 1984இல் தொடங்கின. விளையாட்டுக்கான சாகசநூல்களோடு சேர்ந்தே வளர்ந்த கதை அது. அதில் ராய்ஸ்ட்லின் என்ற நோயாளி மந்திரவாதி மெல்ல இருட்டின் பக்கம் சாய்கிறான். கூட்டத்தில் பலர் அவனை நம்புவதில்லை. இருந்தும் அவன் கூட்டத்தில் இருக்கிறான், ஏனென்றால் இரட்டைப் பிறவியான காரமன் அவனைத் தூக்கிச் சுமக்கிறான். இங்கே தாளில் எழுதிய அறம் பின்னுக்குப் போய், பழைய உறவு முன்னே வருகிறது. விதிநூல் தராத விடையைக் கதை தந்தது.

ஆனால் சுமப்பவர் யார் என்றும் பாருங்கள். காரமனின் வாழ்க்கை தம்பியைச் சுமந்தே தேய்கிறது. 1986இல் வந்த அடுத்த மூன்று நாவல்களில் கிரிசானியா என்ற பெண் துறவி ராய்ஸ்ட்லினை நல்வழிக்குத் திருப்பலாம் என்று நம்பி அவனோடு போகிறாள். அவள் கண்பார்வை இழந்து கிடக்கும்போது அவன் அவளை விட்டுவிட்டு நடக்கிறான். திருத்திவிடலாம் என்ற நம்பிக்கையில் கூடப்போய்ப் பார்வை இழந்த பெண்களை நம் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு பெண் சேர்ந்து எழுதியிருக்கிறார் என்பதும் தற்செயலாக எனக்குப் படவில்லை.

பொறுப்பு இடம் மாறியது

மாற்றம் பெரிய நிறுவனத்திலிருந்து வரவில்லை. சிறு பதிப்பாளர்களிடமிருந்து வந்தது. 1991இல் வெளிவந்த 'வாம்பயர்: த மாஸ்கரேட்' ஒன்பது கட்டங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு மனிதத்தன்மை என்ற ஒரு மதிப்பை வைத்தது. கொடுமை செய்யச் செய்ய அது தேயும். அறம் இப்போது ஒரு பெயரல்ல, இழக்கக்கூடிய ஒன்று.

2003இல் ரான் எட்வர்ட்ஸ் 'கோடுகளும் திரைகளும்' என்ற கருத்தை முன்வைத்தார். கோடு என்றால் அந்த விஷயம் இந்த மேசையின் கதைக்குள் வரவே வராது. திரை என்றால் கதையில் நடக்கலாம், ஆனால் விவரிக்க மாட்டோம். திரையை மூடிவிட்டு அடுத்த காட்சிக்குப் போவோம். ஏறக்குறைய அதே காலத்தில் எமிலி கேர் பாஸ், மெக்வே பேக்கர் போன்ற பெண்கள் தாங்களே விளையாட்டுகளை வடிவமைத்தார்கள். எமிலி கேர் பாஸின் 'பிரேக்கிங் த ஐஸ்' 2005இல் வந்தது. இரண்டு பேர், மூன்று சந்திப்புகள், ஒரு காதல்; போரே இல்லாத விளையாட்டு. மெக்வே பேக்கர் விளையாடுபவர்களின் ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்துப் பேசினார். யாரும் காயப்பட மாட்டோம், எல்லைகளைத் தாண்ட மாட்டோம் என்பது ஒன்று. வலிக்கும் இடத்துக்கும் போவோம், ஆனால் உன்னை விட்டுவிட மாட்டேன் என்பது இன்னொன்று. எதில் இருக்கிறோம் என்று முதலில் பேசிக்கொள்ள வேண்டும். பிறகு ஜான் ஸ்டாவ்ரொபௌலோஸ் எக்ஸ் அட்டையைக் கொண்டுவந்தார். பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை மேசை நடுவில் இருக்கும். யார் அதைத் தொட்டாலும் அந்தக் காட்சி விலக்கப்படும். ஏன் என்று விளக்கத் தேவையில்லை. 2019இல் ஷானா ஜெர்மெயினும் ஷான் ரெனால்ட்ஸும் விளையாட்டில் சம்மதம் என்பதைப் பற்றி ஒரு சிறுநூலையே இலவசமாக வெளியிட்டார்கள்.

இவற்றில் எதுவும் பாத்திரத்தின் அறத்தைப் பற்றிப் பேசவில்லை. எல்லாமே விளையாடுபவரின் பொறுப்பைப் பற்றிப் பேசுகின்றன. "என் கேரக்டர் அப்படித்தான்" என்றால், "அந்தக் கேரக்டரை உருவாக்கியவர் நீங்கள்தானே" என்ற பதில் இப்போது சாத்தியமாகிவிட்டது.

இது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. அகப்பாடலில் புலவர் தன் குரலில் பேசுவதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பாத்திரமே பேசும். பரத்தையிடமிருந்து திரும்பி வாசலில் நிற்கும் தலைவனை உள்ளே விடுவது வாயில் நேர்தல். விட முடியாது என்பது வாயில் மறுத்தல். மரபு இரண்டு துறைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. எந்தத் தலைவியை எழுதுவது என்பது புலவரின் தேர்வு. மருதத்துத் தலைவி அப்படித்தான், எனக்குப் பொறுப்பில்லை என்று எந்தப் புலவரும் தப்பித்துக்கொள்ள முடியாது. கதவைத் திறந்துவிட்ட தலைவிகளைப் பாடிய ஆண் புலவர்களை நான் வகுப்பில் நடத்தும்போது மாணவிகள் கேட்கும் கேள்வியும் இதுதான்.

ஒரு விஷயத்தில் எனக்கு எச்சரிக்கை உண்டு. பாதுகாப்பு என்ற பெயரில் எல்லோருக்கும் ஒரே அறம் என்று ஆகிவிட்டால் பிறகு விளையாட எதுவும் இல்லை. திருடனும் துறவியும் ஒரே படகில் போவதில்தான் கதை இருக்கிறது. மோதல் கெட்டதல்ல, பாத்திரங்கள் மோதும்போது ஆடுபவர்கள் சேர்ந்து அதைச் செய்கிறார்களா, அல்லது ஒருவர் பாத்திரத்தை வைத்து இன்னொருவரை அடக்குகிறாரா என்பதுதான் வேறுபாடு. எக்ஸ் அட்டையைக் கொண்டுவந்து வைக்கும் வேலையும் பல மேசைகளில் பெண் தலையில்தான் விழும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

திரும்பவும் அந்த மேசைக்கு

பெறாமகளிடம் நான் படித்ததையெல்லாம் சொன்னேன். அவள் பிடித்துக்கொண்டது நான் எதிர்பார்த்ததை அல்ல. 1978இன் அந்தக் கறாரான விதியை. ஒரேயொரு பயணத்துக்கு, ஒரு நோக்கத்துக்காகச் சேரலாம் என்பதை. "அது ஒரு காண்ட்ராக்ட் பெரியம்மா. அவ ஏன் இவங்களோட இருக்கா, எது வரைக்கும் இருப்பா, இவங்களுக்கு அவ எதுக்கு வேணும். இதை நாங்க பேசவே இல்லை."

அடுத்த ஞாயிறு பகடையை எடுக்காமல் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார்கள். சித்திரவதைக்குத் திரை என்று முடிவாகவில்லை. கோடு என்று முடிவானது. கதையை அதற்கு முந்தைய கணத்துக்குக் கொண்டுபோனார்கள். நண்பன் தன் பாத்திரம் உளவுக்காரியை வெறுப்பதற்கு ஒரு காரணம் சொன்னான். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். இவள் தன் பங்குக்குச் சொன்னாள்: "நீங்க தூங்கினதும் என் ஆளு அவளை அவிழ்த்து விட்டுட்டு அவளோடயே போயிடுவா. நீங்க தேடி வருவீங்களா?" வருவோம் என்றார்கள். மூன்று வாரமாக அந்தத் துரத்தல்தான் கதை. இன்னொரு நண்பனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. விளையாட்டுக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று சொல்லிவிட்டு வருவதை நிறுத்திக்கொண்டான். அவனை நினைத்து இவளுக்குக் குற்ற உணர்ச்சி. அவனிடம் போய்ப் பேசட்டுமா என்று என்னிடம் கேட்டாள்.

"அவன் கேட்டானா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பதிலில்லை. பிறகு, காலியான அந்த நாற்காலிக்குத் தன் அலுவலகத் தோழி ஒருத்தியைக் கூப்பிட்டிருப்பதாகச் சொன்னாள். வரும் ஞாயிறு அவள் திருடி வேடத்தில் வருகிறாளாம்.